திருகோணமலையில் நாய்க்குப் பயிற்சியாளர்: இரண்டு பேரிடம் கண்ட அனுபவம்

நாய்க்குப் பயிற்சியாளர் தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எவ்வளவு காசு, எத்தனை நாளில் சரிவரும் என்பதுதான். அதற்கு முன்னால் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பழக்கும்போது நாங்களும் கூட நிற்கலாமா? அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே ஆளைப் பாதி எடை போட்டுவிடலாம். எங்கள் புரூணோவை இரண்டு பேர் பழக்கினார்கள். ஒருவர் நிற்கக் கூடாது என்றார், மற்றவர் நிற்காவிட்டால் வரமாட்டேன் என்றார். சில வருடங்கள் கழித்து இப்போது எழுதுவதற்குக் காரணம், பயிற்சி முடிந்த கையோடு தெரியாத பல விஷயங்கள் பிறகுதான் தெரிய வருகின்றன.

புரூணோவின் தகப்பன் அல்சேசன், தாய் ஊர் நாய். 2022 பொருளாதார நெருக்கடி நேரம் வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் அவனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. ஒரு வயது தாண்டியிருந்தான். அதுவரை வளவின் பின்பக்கம் சங்கிலியில் வளர்ந்தவன், தெருவையே சரியாகப் பார்த்ததில்லை. எங்கள் வீடு உவர்மலையில். கேற்றடியால் மோட்டார் சைக்கிள் போனால் மதில் நீளத்துக்கும் ஓடிக் குரைப்பான். வெளியே கூட்டிக்கொண்டு போனால் ஓட்டோவைக் கண்டு பாய்வான், சைக்கிளில் போகிற பிள்ளைகளின் காலைக் குறிவைப்பான். அம்மாவுக்கு அவன் வாரைப் பிடிக்கவே பயம். வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்து போனது.

முதலில் வந்தவர் நல்ல பெயர் உள்ளவர். படை நாய்களைப் பழக்கியவர் என்று சொன்னார்கள். நாயைத் தன்னிடம் விட வேண்டும், வீட்டார் வந்து பார்த்தால் பழக்கம் கெட்டுவிடும், திருப்பித் தரும்போது சொன்னதைக் கேட்கும் என்றார். காசு முழுவதும் முன்பணம். திரும்பி வந்த நாளில் புரூணோ அவர் சொன்னபடியெல்லாம் செய்தான். இரு என்றால் இருந்தான், படு என்றால் படுத்தான். பார்த்த எல்லோருக்கும் ஆச்சரியம்.

அவர் கேற்றைத் தாண்டிப் போனதும் நாங்கள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அதைவிட மனதைப் பிசைந்தது வேறு. அம்மா கொடியில் உடுப்புக் காயப்போடக் கையை உயர்த்தினால், அவன் காதை மடித்து, வாலை வயிற்றோடு ஒட்டி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு உதட்டை நக்குவான். கழுத்தில் இறுக்குச் சங்கிலி கிடந்த இடத்தில் மயிர் உதிர்ந்திருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் குரைப்பதும் நிற்கவில்லை. முன்பு உறுமி எச்சரித்துவிட்டுப் பாய்ந்தவன், இப்போது உறுமாமலே பாய்ந்தான். உறுமினால் அடி விழும் என்று படித்துக்கொண்டு வந்திருக்கிறான். உறுமல் என்பது நாய் தரும் முன்னறிவித்தல். அதை அடித்து நிறுத்தினால் மிஞ்சுவது எச்சரிக்கை இல்லாத கடிதான்.

கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான்: நாய் ஓநாய்ப் பரம்பரை, வீட்டில் யார் தலைவர் என்று காட்டாவிட்டால் அது தலைவராகிவிடும். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் விலங்கு ஆய்வாளர் ருடோல்ஃப் ஷென்கெல் எழுதியதிலிருந்து தொடங்குகிறது. 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் அதைத் தன் நூலில் பரவலாக்கினார். அதே மெக், காட்டில் ஓநாய்களை நேரில் கவனித்த பிறகு, 1999இல் அந்தக் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான், தலைமைக்கு அடிபடும் கும்பல் இல்லை என்றார். சொன்னவரே திருத்திக்கொண்ட ஒன்றை வைத்துக்கொண்டு இன்றைக்கும் நாயின் கழுத்தை நெரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

படை நாய் என்ற பெயரில் மயங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவு இருக்கிறது. அப்படியான இடங்களில் நாயோடு அதைக் கையாளுகிறவரும் சேர்ந்துதான் பழகுகிறார். நாயைத் தனியே பழக்கி யாரோ ஒருவர் கையில் கொடுப்பதில்லை. வீட்டு நாய்க்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் கன்னியாப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தம்பி. முதல் நாள் அவர் நாயைத் தொடவே இல்லை. விறாந்தைப் படியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, புரூணோவை நேரே பார்க்காமல் எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். எங்கே படுக்கிறான், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான், விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா, ஊசி அட்டை எங்கே, காதுப் பக்கம் தொட்டால் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காதைத் தொட்டால் சீறுவான் என்றதும், "அக்கா, முதல்ல மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ, அதுக்குப் பிறகு நான் வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. வைத்தியர் பார்த்தபோது காதுக்குள் புண். மருந்து விட்டுப் புண் ஆறியபின் அவனுடைய சிடுசிடுப்பில் ஒரு பங்கு தானாகவே போய்விட்டது. வலியில் கடிக்கிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது.

பிறகு நடந்த பயிற்சியில் வார் அம்மாவின் கையில்தான் இருந்தது. அவித்த கோழி ஈரலை நகத்தளவு துண்டுகளாக வெட்டி, சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் கட்டச் சொன்னார். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம் என்றார். இடம் உட்துறைமுக வீதியின் அகலமான ஓரம். மோட்டார் சைக்கிள் தூரத்தில் வரும்போதே நிற்க வேண்டும். புரூணோ அதைப் பார்ப்பான், ஆனால் உடம்பு இன்னும் விறைக்கவில்லை. அந்த நொடியில் அம்மா "ம்" என்பார், ஈரல் வாய்க்குப் போகும். திரும்பிப் பார்ப்பான், மறுபடியும் "ம்", மறுபடியும் ஈரல். காது முன்னே நிமிர்ந்து வாய் மூடிவிட்டால் தூரம் போதாது என்று அர்த்தம், நாலடி பின்னால் போக வேண்டும். குரைக்க விட்டுவிட்டுத் திட்டுவதில் பயனில்லை, குரைக்கத் தேவையில்லாத தூரத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் அவருடைய முறை. நாளாக நாளாக அந்தத் தூரம் சுருங்கியது. கடைசியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவனாகவே அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மான் வேறு விஷயம். கோட்டைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் வாசலிலும் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் ஊறியது, அதற்கு ஈரல் துண்டு ஈடாகாது. தம்பி அதை மறைக்காமல் சொன்னார்: மான் நிற்கிற இடத்தில் வாரை ஒருநாளும் அவிழ்க்காதீர்கள், இதை முழுசாக மாற்றித் தருவேன் என்று நான் வாக்குத் தரமாட்டேன். உத்தரவாதம் தருகிறவரைவிட இப்படிச் சொல்கிறவரை நம்பலாம்.

அவரிடமும் குறை இருந்தது. ஏழு மணி என்றால் எட்டுக்கு வருவார், வெயில் ஏறிவிடும், டச்சு வளைகுடா மணலில் நாய் கால் வைக்க முடியாது. மாரி தொடங்கினால் வாரக் கணக்கில் வரவே மாட்டார். வீட்டுப் பாடமும் லேசுப்பட்டதில்லை. தினமும் காலையும் மாலையும் கொஞ்ச நேரம், வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அண்ணா "கம்" என்பார், அம்மா "இஞ்ச வா" என்பார், இதைச் சரிப்படுத்தவே வெகு நாள் பிடித்தது. வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் காசு அவர் வந்த நாளுக்கு மட்டும்தான், முன்பணம் கிடையாது.

இன்றைய நிலை இதுதான். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, சைக்கிள் பிள்ளைகள் எதற்கும் பாய்வதில்லை. ஆட்கள் வந்தால் தன் பாயில் போய்ப் படுப்பான். அம்மா தனியே கூட்டிக்கொண்டு போகிறார். கையை உயர்த்தினால் பதுங்குவது மிக மெதுவாகத்தான் போனது. தடியோ தும்புத்தடியோ எடுத்தால் இப்போதும் ஒதுங்குகிறான். கோயில் திருவிழா வெடிக்கு நடுங்குவான். தொலைபேசியில் வெடிச் சத்தத்தை மெல்லிய அளவில் போட்டுச் சாப்பாடு கொடுத்துப் பழக்கினோம், கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த இரவுகளில் உள் அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு யாராவது ஒருவர் கூட இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மட்டும் கண்டதல்ல இது. போர்த்துக்கலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களின் உமிழ்நீரில் பயிற்சிக்குப் பிறகு, மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் அதிகமாக இருந்தது, பதற்றக் குறிகளும் கூடவே தெரிந்தன. மின்னதிர்ச்சிக் கழுத்துப் பட்டியை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்துவிட்டது. அந்தப் பட்டியோடு ஒருவர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆளை முடிவு செய்ய முன் அவர் பழக்கும் வேறொரு நாயைப் போய்ப் பாருங்கள். அவர் செய்வதை விட்டுவிட்டு நாயின் வாலையும் காதையும் கவனியுங்கள். அவரைக் கண்டதும் நாய் ஓடி வருகிறதா, இல்லை ஒதுங்குகிறதா? அந்த வீட்டுக்காரர் சொன்னால் கேட்கிறதா?

புதிதாகக் குட்டி எடுத்தவர்கள் பிரச்சினை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம் தொடக்கம் ஏறக்குறைய பதினாலு வாரம் வரைதான் குட்டி புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். புரூணோவுக்கு அது சங்கிலியில் கழிந்துவிட்டது. ஊசிகள் முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போயாவது சந்தைச் சத்தத்தையும் ஓட்டோவையும் கடலையும் காட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் குட்டியை அப்படித்தான் கொண்டு திரிகிறார்கள், அந்தத் தம்பி அங்கேயும் வந்து போகிறார்.