பி.டெக். உயிரித் தொழில்நுட்பம்: படித்து முடித்தவரின் மதிப்புரை

பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் ஒவ்வொரு ஆண்டும், உயிரித் தொழில்நுட்பம் எடுக்கலாமா என்று கேட்டு உறவினர் யாரேனும் என்னை அழைக்கிறார்கள். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டமொன்றில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு, இப்போது பெங்களூருவில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கல்லூரியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே வரும் குறைகள் அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல.

மருத்துவ இடம் கைநழுவியவர்கள், உயிரியலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு இருக்கட்டும் என்று எண்ணி இந்தத் துறைக்கு வருவது வழக்கம். என் வகுப்பிலும் அப்படிப் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு முதல் அதிர்ச்சியைத் தந்தது கணக்கு. செல் உயிரியலும் மரபியலும் நோய்த்தடுப்பியலும் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்தான். பொருண்மைச் சமநிலை, வெப்ப இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல் என்று வேதிப் பொறியியல் மறுபக்கத்தை நிறைத்திருக்கிறது. இதை வீண் சுமை என்று பலர் திட்டுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி உருவாக்கிய மருந்துக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மரபணுவைச் செலுத்துவது எவ்வளவு அரிய வேலையோ, அதே பாக்டீரியாவை ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் வளர்த்தெடுப்பதும் அவ்வளவு அரிய வேலை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். கோடிக்கணக்கான செல்கள் அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும் நிலையில், காற்றை எந்த வேகத்தில் செலுத்துவது, எவ்வளவு கலக்குவது, வளர்ச்சியில் பிறக்கும் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பவை எல்லாம் பொறியாளரின் கணக்குகள். பி.எஸ்சி. படிப்பிலிருந்து பி.டெக்.கைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதிதான். கணக்கில் விருப்பமில்லாத, உயிரியலை மட்டும் நேசிக்கிற மாணவர் மூன்றாண்டு பி.எஸ்சி.யில் சேர்ந்து, பிறகு நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. படிப்பது அவருக்குக் கூடுதல் நிறைவைத் தரும்.

இனி ஆய்வகத்துக்கு வருகிறேன். நான் மிகவும் வருந்துவதும் அதைப் பற்றித்தான். டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பாலிமரேஸ் தொடர்வினையை (பிசிஆர்) புத்தகத்தில் படிக்கும்போது அதன் அழகு மனத்தைக் கவர்கிறது: 95 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரு இழைகள் பிரிகின்றன, வெப்பம் குறைந்ததும் பிரைமர்கள் எனும் சிறு டி.என்.ஏ. துண்டுகள் போய் ஒட்டுகின்றன, 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டுகிறது. எந்தக் குறையுமின்றி நடந்தால் 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடிக்கும் மேலாகப் பெருகும். எங்கள் கல்லூரியில் அந்த வினையை நடத்தும் கருவி ஒன்றே ஒன்று இருந்தது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் துளியளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைப் பிடிக்க, மற்ற ஐவரும் சுற்றி நின்று பார்த்தோம். டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துப் பார்க்க உதவும் அகரோஸ் ஜெல்லின் சிறு குழிக்குள் மாதிரியைச் சிந்தாமல் இறக்குவதற்குக் கை பழக வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் வராது. நுண்ணுயிர்களை வளர்க்கும் தொட்டியான நொதிப்பான் கண்ணாடி அறைக்குள் பளபளப்பாக நின்றது. கல்லூரியைப் பார்வையிடும் குழுவினர் வரும் நாள்களில் அதைத் துடைத்து வைப்பார்கள். நான்கு ஆண்டுகளில் அது ஓடி நான் பார்த்ததில்லை. சோதனை பலன் தராத நாள்களில், மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து முடிவுகளைப் பார்த்து எழுதினோம். ஒரு சோதனை ஏன் தோற்றது என்று தேடுவதுதான் இந்தத் துறையின் அன்றாட வேலை என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். அந்தப் பயிற்சியைக் கல்லூரி எனக்குத் தராமல் போனதை இன்றும் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

நுண்ணுயிரியல் ஆய்வகம் மட்டும் விதிவிலக்காக அமைந்தது. அந்தப் பேராசிரியை ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே, நுண்ணுயிர்களை வளர்க்கும் அகார் தட்டு தயாரிக்க வைப்பார். ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் கிருமி நீக்குவதிலிருந்து மறுநாள் தட்டில் வளர்ந்த நுண்ணுயிர்த் திட்டுகளை எண்ணுவது வரை எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டும்; பூஞ்சை படர்ந்துவிட்டால் திட்டமாட்டார், தவறு எங்கே நேர்ந்தது என்று எங்களையே சொல்லச் சொல்வார். இன்று நான் சம்பளம் வாங்கும் வேலைக்கு அடித்தளம் இட்டது வாரம் மூன்று மணி நேரம் நடந்த அந்த வகுப்புதான்.

உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிரித் தகவலியலில் கல்லூரியின் வசதிக்குறைவு பெரிய தடையாக இல்லை. மரபணு வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் நிரலும் அதற்கான தரவுத்தளங்களும் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் அப்படியே.

இறுதியாண்டுத் திட்டப்பணியில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். கல்லூரியில் வசதி இல்லாததால் பலர் வெளியே உள்ள பயிற்சி மையங்களில் பணம் கட்டுகிறார்கள். சில இடங்களில் தலைப்பும் முடிவும் அறிக்கையும் ஏற்கெனவே தயாராக இருக்கும். நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே அது வெளிப்பட்டுவிடுகிறது. அந்தப் பணத்தையும் காலத்தையும், மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெறுவதற்குச் செலவிடலாம்.

வேலை பற்றி நேராகவே சொல்கிறேன். எங்கள் கல்லூரி வளாகத்துக்கு வந்தவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். என் நண்பர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். மருந்து, தடுப்பூசி நிறுவனங்கள் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் அதிகம். ஆராய்ச்சிப் பிரிவுகளில் நுழைய அவை பெரும்பாலும் முதுகலைப் பட்டம் எதிர்பார்க்கின்றன. பி.டெக். மட்டும் முடித்தவருக்குத் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, உணவுப் பரிசோதனை போன்றவை வாயில்கள்; தொடக்கச் சம்பளம் மென்பொருள் நண்பரின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எம்.டெக். படிக்க ‘கேட்’ (GATE), மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவளிக்கும் முதுகலைப் படிப்புகளுக்கு ஜி.ஏ.டி.-பி (GAT-B) என்று நுழைவுத் தேர்வுகள் உள்ளன. ஆகவே நான்கு ஆண்டுகள் அல்ல, ஆறு ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொண்டு இறங்குவதே குடும்பத்துக்கு நல்லது. அந்தக் காத்திருப்புக்கு வீட்டின் பொருளாதாரம் இடம் தருமானால், மீண்டும் இதே படிப்பைத்தான் நான் எடுப்பேன். கல்லூரியை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

விருப்பப் பட்டியலைப் பதிவு செய்வதற்கு முன்பு, கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவிகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்க வேண்டாம்; நொதிப்பானுக்கும் பிசிஆர் கருவிக்கும் பக்கத்தில் பயன்பாட்டுப் பதிவேடு ஒன்று வைத்திருப்பார்கள். அதைத் திறந்து, கடைசியாக எழுதப்பட்ட தேதியையும், அதற்கு நேரே கையெழுத்திட்டவர் ஆசிரியரா மாணவரா என்பதையும் பாருங்கள்.