மேட்டூர் நிலக்கரியை எந்த என்ஜின் இழுக்கலாம்: கரியா, டீசலா, கரண்டா?

சூரமங்கலம் பக்கம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே ஆரம்பித்தாலும் கரி என்ஜினில்தான் வந்து நிற்பார்கள். "அதுதானுங்க தம்பி என்ஜின். இப்ப ஓடறதெல்லாம் சுவிட்ச் போட்டா போற பொட்டி." பாசத்தில் சொல்வதோடு யாரும் சண்டை போட முடியாது. ஆனால் இன்றைக்கும் கூட்ஸ் வண்டிக்கு நீராவி கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டே வாதாடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நிலக்கரி மலிவு, எண்ணெய் இறக்குமதி, மின்கம்பி இழுக்கப் பெரிய முதலீடு வேண்டும் என்பது அவர்கள் வாதம். சிரித்துத் தள்ளக்கூடிய வாதமில்லை. சரி, நம்ம சேலத்து வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக், அதாவது கரி ஏற்றிய முழு வண்டி. ஒடிசாவில் தோண்டி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து ஜோலார்பேட்டை, பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாக சேர்வராயன் மலைக்கு மேற்கே இறங்கி, மேக்னசைட் ஜங்ஷனில் பிரிந்து ஓமலூர் வழியாக மேட்டூர் போய்ச் சேரும். 58 வேகன் என்றால் கரி மட்டுமே சுமார் 4,000 டன். வேகன் எடையும் சேர்ந்தால் 5,000 டன்னைத் தாண்டும்.

இதை இழுக்க நீராவியில் நம்மிடம் இருந்த நல்ல ஆள் டபிள்யூஜி. 1950 முதல் 1970 வரை 2,450 என்ஜின் செய்தார்கள். அதில் பெரும்பகுதி சித்தரஞ்சன் என்ஜின் தொழிற்சாலையில் செய்தது. கடைசி என்ஜினுக்கு 'அந்திம் சிதாரா' (கடைசி நட்சத்திரம்) என்று பெயரே வைத்தார்கள். அகலப் பாதை சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பாக இருந்த வகை அது. இழுவிசை சுமார் 17.5 டன். இன்றைய டபிள்யூஏஜி-9 மின்சார என்ஜின் புறப்படும்போது கொடுப்பது சுமார் 46 டன். அதாவது ஒரு மின்சார என்ஜின் இருக்கிற இடத்தில் இரண்டுக்கு மேல் டபிள்யூஜி வேண்டும். மின்சார என்ஜினின் எடை முழுவதும் மோட்டார் ஓட்டும் சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பிடிமானம் கிடைக்கிறது. நீராவி என்ஜினோ, கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரை வெறும் பாரமாக இழுத்துக்கொண்டு போகணும். இன்னொன்று, இரண்டு மின்சார என்ஜினைச் சேர்த்துக் கட்டினால் முன்னால் இருக்கும் ஒரு டிரைவர் இரண்டையும் ஓட்டிவிடுவார். இரண்டு கரி என்ஜினுக்கு இரண்டு டிரைவர், ஒவ்வொருவருக்கும் ஃபயர்மேன்கள், கண்ணாலும் விசிலாலும் ஒத்துப்போகணும்.

எரிபொருள் கணக்குதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். நல்ல நீராவி என்ஜின், தான் எரிக்கும் கரியின் வெப்பத்தில் ஆறிலிருந்து எட்டு சதவீதத்தைத்தான் இழுவையாக மாற்றும். மீதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். மேட்டூரில் அதே கரியை எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகும். நிலையத்தின் சொந்தச் செலவு, கம்பியில் போகும் இழப்பு, என்ஜினுக்குள் போகும் இழப்பு எல்லாம் கழித்தாலும் கால்பங்கு சக்கரத்துக்கு வந்துவிடும். ஒரே டன் கரிக்கு மூன்று மடங்கு வேலை. கொஞ்சம் யோசித்தால், மேட்டூருக்குக் கரி இழுக்கும் மின்சார என்ஜினுக்குப் பின்னாலும் பாய்லரும் நீராவியும் இருக்கத்தான் செய்கின்றன. 840 மெகாவாட் பழைய நிலையத்திலும், பின்னால் வந்த 600 மெகாவாட் யூனிட்டிலும் இருக்கின்றன. பாய்லரைத் தண்டவாளத்தில் ஓட விடுவதா, காவிரிக் கரையில் நிறுத்தி வைப்பதா என்பதுதான் சண்டையே. நிறுத்தி வைத்தால் பெரிதாகக் கட்டலாம், அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றலாம், போன நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கலாம். ஓடுகிற என்ஜினில் இதில் எதற்கும் இடமில்லை.

அந்த ஆறு, எட்டு சதவீதத்தைக் கூட்ட முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1981ல் தென்னாப்பிரிக்காவில் டேவிட் வார்டேல் என்ற பொறியாளர் ஒரு பழைய என்ஜினை எடுத்து, தீ எரியும் முறையையும் புகைபோக்கியையும் மாற்றி, 'ரெட் டெவில்' என்று ஓட்டிக் காட்டினார். அர்ஜென்டினாப் பொறியாளர் போர்ட்டா வகுத்த வழிமுறைதான் அடிப்படை. கரிச் செலவு கால்பங்குக்கு மேல் குறைந்தது, சக்தியும் கூடியது. இருந்தும் இரண்டாவது 'ரெட் டெவில்' வரவில்லை. அமெரிக்காவில் 1985 ஆரம்பத்தில் 614 என்ற பழைய நீராவி என்ஜினில் அளவுக் கருவிகளை மாட்டி, மேற்கு வர்ஜீனியாவில் நிஜமான நிலக்கரி வண்டிகளை இழுக்கவிட்டுச் சோதித்தார்கள். அதை வைத்து நவீன என்ஜின் செய்வது திட்டம். அடுத்த வருஷமே கச்சா எண்ணெய் விலை சரிந்தது, திட்டமும் அதோடு போனது. எண்ணெய் விலை ஏறினால் நீராவி, இறங்கினால் டீசல் என்று மாற்றிக்கொண்டே இருக்க எந்த ரயில்வேயாலும் முடியாது. என்ஜினின் ஆயுள் முப்பது, நாற்பது வருஷம்.

நீராவிக்காரர்களின் பலமான சாட்சி சீனாவின் ஜிதோங் ரயில்வே. 1995 டிசம்பரில், இந்திய அகலப் பாதையில் நீராவி விடைபெற்ற அதே மாதத்தில், அங்கே 900 கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதுப் பாதையைத் திறந்தார்கள். ஓட்டியது க்யூஜே நீராவி என்ஜின்கள். பத்து வருஷம் வரை நீராவியில் சரக்கு இழுத்தார்கள். எப்படி முடிந்தது? மற்ற ரயில்வேக்கள் கழித்துக்கட்டிய என்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன. கரி பக்கத்திலேயே இருந்தது. சம்பளம் குறைவு. க்யூஜே 1988 வரை தயாரிப்பில் இருந்ததால் பாகங்களும், கை தேர்ந்த ஆட்களும் கிடைத்தார்கள். இதில் ஒவ்வொன்றாகக் கழன்றதும் 2005 டிசம்பரில் டீசலுக்கு மாறிவிட்டார்கள். நம்மிடம் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. சேலத்துக் கரியே ஒடிசாவிலிருந்து கப்பலேறி வருகிறது.

அப்புறம் தண்ணீர். இதை வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், இங்கே அப்படி முடியாது. நீராவி என்ஜின் குடித்த தண்ணீரைத் திருப்பித் தராது. வெளியே ஊதிவிட்டு, அடுத்த பெரிய ஸ்டேஷனில் மறுபடி கேட்கும். வெயில் காலத்தில் குடிநீருக்கே மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. போர்வெல் தண்ணீர் போதுமே என்றால், அதன் கடினத்தன்மை சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெட்டி எடுக்கிற மண். வீட்டுக் கீசரிலேயே வெள்ளையாய்ப் படிகிறது. பாய்லர் குழாய்களில் அந்தப் படிவு ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது, உலோகம் காய்ந்து கெடும். ஆகவே தண்ணீரைச் சுத்திகரிக்கணும், பாய்லரை அடிக்கடி காலி செய்து கழுவணும். அந்த நாட்களில் என்ஜின் சம்பாதிக்காது. அமெரிக்கச் சட்டப்படி 1,472 வேலை நாளோ 15 வருஷமோ, எது முதலில் வருகிறதோ, அதோடு பாய்லரை முழுக்கப் பிரித்துச் சோதித்தாக வேண்டும்.

டீசலைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. 4,500 குதிரைத்திறன் டபிள்யூடிஜி-4 இந்த ரேக்கை இழுக்கும், கம்பி இல்லாத இடத்திலும் போகும், எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக்கும். எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும், அதுதான் குறை. "கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்ற பெரியவர் கேள்விக்கும் டீசல்தான் பதில். நியாயமான கேள்விதான். 2012 ஜூலை கடைசியில் வடக்கே மின்தொகுப்பு விழுந்தபோது நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. ஆனால் அந்த மாதிரி நேரத்தில் டீசலைக் கொஞ்ச நேரத்தில் எழுப்பிவிடலாம். ஆறிப்போன நீராவி என்ஜினில் தீ மூட்டி அழுத்தம் ஏற்ற ஒரு ஷிப்டே போய்விடும்.

2023ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஊர்வலம் போய்த் திரும்பிய யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' 4014, வழியில் நின்றுபோன சரக்கு வண்டியொன்றைப் பின்னாலிருந்து தள்ளிக் காப்பாற்றியது. வீடியோவைப் பார்க்க எனக்கும் சிலிர்ப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே கம்பெனி அன்றாடச் சரக்குக்கு டீசலைத்தான் நம்புகிறது. பிக் பாயை வைத்திருப்பது கூட்டம் சேர்க்க, பெயர் வாங்க. அதுவும் இப்போது கரியில் இல்லை, எண்ணெயில் எரிகிறது.

இறக்கத்தில் இன்னொரு லாபம் உண்டு. லோக்கூரிலிருந்து டேனிஷ்பேட்டைக்கு இறங்கும்போது டபிள்யூஏஜி-9 மோட்டாரையே ஜெனரேட்டராக்கி பிரேக் பிடிக்கும், மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். மற்ற இரண்டும் அந்தச் சக்தியை வெறும் சூடாக்கித் தொலைத்துவிடும். என் ஓட்டு: ஓடுவதற்கு மின்சாரம், கைகாவலுக்கு டீசல். சரக்குக்கு நீராவி வேண்டாம்.

ஆனால் இதே சேலம் கோட்டத்தில்தான் மேட்டுப்பாளையம் இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் இன்னும் ஏறுகின்றன. அங்கே இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், இரண்டு பல்சக்கரத்தை ஓட்டும். அந்தப் பாதைக்கென்றே பிறந்த என்ஜின். சுவிட்சர்லாந்தில் செய்து வந்தவற்றைப் பார்த்துத் திருச்சி பொன்மலையில் புதிதாகவும் செய்கிறார்கள். அந்த மலைப்பாதையிலேயே பல என்ஜின்கள் எண்ணெய்க்கு மாறிவிட்டன, குன்னூர் தாண்டி ஊட்டிக்கு டீசல் இழுக்கிறது. அதை மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பயணிகள் வருவதே அந்தப் புகைக்காகத்தான்.

சேலத்திலேயே நீராவியைப் பார்க்கணும் என்றால் ஆடிப் பெருக்கன்று ஜங்ஷனிலிருந்து மேட்டூர் அணைக்கு ஒரு சிறப்பு வண்டி விடலாம். கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, கரி ரேக்குகளைச் சில மணி நேரம் தள்ளி வைத்தால் போதும். பின்னால் ஒரு டீசல் கட்டாயம் கோக்கணும், நடுவழியில் நின்றால் அந்தக் கரி ரேக்குகளும் நிற்கும். தண்ணீர் நிரப்ப இடத்தையும் முன்பே பார்த்துவைக்கணும்: 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே டெண்டர் மேல் ஏறி நின்று குழாய் பிடிக்க முடியாது, மின்கம்பி இல்லாத சைடிங் (பக்கத் தண்டவாளம்) ஒன்று தேவைப்படும்.