வீட்டுச் சாமான்களின் கன அளவை எப்படிக் கணக்கிடுவது: விலை கேட்கும் முன் நான்கு வழிகளின் ஒப்பீடு

கோலாலம்பூரில் வீடு மாற இருக்கும் ஒரு குடும்பம் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டால் மூன்று வெவ்வேறு தொகைகள் வருகின்றன, அவற்றுள் குறைந்ததே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் அந்த வேறுபாடு பல நேரங்களில் கூலியாலோ லாரி வாடகையாலோ வருவதில்லை. ஒருவர் அந்த வீட்டில் 400 கன அடிச் சாமான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் 600 என்று நினைத்திருப்பார். 400 என்று எண்ணி விலை சொன்னவரே மலிவானவராகத் தெரிவார். மாறும் நாளன்று லாரி நிறைந்து, சோபாவும் பூந்தொட்டிகளும் வாசலில் நிற்கும்போதுதான் அந்த மலிவின் காரணம் புரியும். ஆகவே விலைகளை ஒப்பிடுவதற்கு முன், அந்த விலைகளுக்கு அடிப்படையான கன அளவு எந்த வழியில் கணக்கிடப்பட்டது என்பதை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: அறைகளின் எண்ணிக்கையைத் தொலைபேசியில் சொல்லி விலை கேட்பது, நாமே அளந்து பட்டியல் எழுதி அனுப்புவது, கைப்பேசிக் காணொளி வழியாக வீட்டைக் காட்டுவது, மதிப்பீட்டாளரை நேரில் வரவழைப்பது. இவற்றுள் எது சிறந்தது என்பது எங்கிருந்து எங்கே மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. செந்தூலிலிருந்து ரவாங்கிற்கோ, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கோ போகிறவர்களுக்கு விலை பொதுவாக லாரிக்கும் நடைக்கும் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அங்கே கன அளவு பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சாமான் முழுவதும் ஒரே நடையில் அடங்குமா? பினாங்கிலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வருகிறவர்களுக்கு இரண்டாவது நடை என்பது ஏறக்குறைய இரண்டாவது முழுச் செலவு. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கோத்தா கினபாலுவுக்கோ கூச்சிங்கிற்கோ சென்னைக்கோ கப்பலில் பகிர்வுச் சரக்காக, அதாவது ஒரே கொள்கலனைப் பலரோடு பகிர்ந்து, அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு கன மீட்டருக்கும் தனித்தனியே பணம் கட்டுகிறார்கள். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. ஒரு பெரிய அலமாரியை விட்டுச் செல்வதா கொண்டு செல்வதா என்ற முடிவே அங்கே கணிசமான வெள்ளியை (ரிங்கிட்) மிச்சப்படுத்தும்.

அறைக் கணக்கைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. ‘மூன்று அறை வீடு, மூன்று டன் லாரி போதும்’ என்ற பதில் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும், அதுவே அதன் ஒரே நன்மை. 700 சதுர அடியில் கட்டப்பட்ட பிபிஆர் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடி வீட்டிலும் மூன்று அறைகள் உண்டு, 1,200 சதுர அடிக் கொண்டோவிலும் மூன்று அறைகள் உண்டு. அதிலும் முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த பெற்றோரின் சாமானையும், மணமாகி இரண்டே ஆண்டுகளான தம்பதியின் சாமானையும் அறை எண்ணிக்கை ஒன்றாகவே காட்டும். லாரியின் பெயரும் உதவாது. டன் என்பது எடை வகையைக் குறிப்பது, பெட்டியின் கொள்ளளவை அது சொல்வதில்லை. உட்பக்கம் 14 அடி நீளமும் 7 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள பெட்டி 686 கன அடி கொள்ளும். நீளம் மாறாமல் அகலமும் உயரமும் 6 அடியாகக் குறைந்தால் 504 கன அடிதான். இரண்டையும் ஒரே டன் பெயரால் அழைக்கக் கேட்கலாம். எனவே தொலைபேசியில் பேசும்போது கேட்க வேண்டியது லாரியின் உள்ளளவு. அதிலும் முழுக் கொள்ளளவை எதிர்பார்க்கக் கூடாது. மேசைக் கால்களுக்கு இடையிலும் கூரைக்கு அடியிலும் வீணாகும் இடத்தைக் கழித்தால், 686 கன அடிப் பெட்டியில் 85 சதவீதம், அதாவது சுமார் 583 கன அடி அடங்கினாலே நன்றாக அடுக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இரண்டாவது வழியான சொந்தப் பட்டியலுக்கே நான் அதிக மதிப்பளிக்கிறேன், ஏனெனில் மற்ற மூன்று வழிகளையும் சரிபார்க்க உதவும் ஒரே ஆவணம் அதுதான். ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். ஒவ்வொரு அறையாகச் சென்று, பொருளின் பெயர், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், கழற்ற முடியுமா என்னும் ஆறு விவரங்களை எழுத வேண்டும். செ.மீ. அளவுகளைப் பெருக்கி வரும் தொகையைப் பத்து லட்சத்தால் வகுத்தால் கன மீட்டர், அதை 35.3 ஆல் பெருக்கினால் கன அடி. நம் ஊரில் விற்கும் குவீன் மெத்தை 152 செ.மீ. அகலமும் 190 செ.மீ. நீளமும் கொண்டது. தடிமன் 25 செ.மீ. என்றால் அது 0.72 கன மீட்டர், அதாவது 25 கன அடிக்குச் சற்றே கூடுதல். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஆறடி உயரமுள்ள இரும்பு அலமாரி 27 கன அடி. இப்படி இரண்டு மூன்று பொருள்களைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு கண்ணே ஓரளவு பழகிவிடுகிறது.

இந்த வழியில் பிழைகள் நுழையும் இடங்களை விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, குளிர்பதனப் பெட்டி. அதன் மேல் எழுதியிருக்கும் 300 லிட்டர் என்பது உள்ளே பொருள் வைக்கும் இடத்தின் அளவு. அதை அப்படியே மாற்றினால் 10.6 கன அடிதான் வரும். ஆனால் வெளியே அகலம் 60, ஆழம் 65, உயரம் 165 செ.மீ. இருந்தால் அது லாரியில் 22.7 கன அடியை எடுத்துக்கொள்ளும். சலவை இயந்திரத்தின் கிலோ கணக்கும் இதைப் போன்றதே. அது துணியின் எடையைச் சொல்கிறதே தவிர இயந்திரத்தின் பருமனைச் சொல்லவில்லை. இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய பொருள்கள். நீளமும் அகலமும் 55 செ.மீ., உயரம் 80 செ.மீ. உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தனியாக 8.5 கன அடி. பத்து நாற்காலிகளைத் தனித்தனியே கணக்கிட்டால் 85 கன அடி ஆகிவிடும். அவற்றை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் 8 செ.மீ. மட்டும் உயரத்தைக் கூட்டுவதாகக் கொண்டால் மொத்தமே சுமார் 16 கன அடிதான். விசேஷத்துக்கென்று நாற்காலி வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஒரு வரியே மொத்தக் கணக்கைப் புரட்டிவிடும். மூன்றாவது பிழை கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து சதவீதம் கூட்டி அளந்தால், கன அளவு ஐந்து சதவீதம் மட்டும் கூடுவதில்லை. மூன்று பக்கங்களும் பெருக்கப்படுவதால் ஏறத்தாழ 16 சதவீதம் கூடிவிடுகிறது. 500 கன அடி வீட்டில் அது சுமார் 80 கன அடி, அதாவது மூன்று இரும்பு அலமாரிகள். தாராளமாக அளப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டியலில் விடுபடுவதும் ஒரு வகையிலேயே விடுபடுகிறது. பெரிய பொருள்கள் எல்லாம் நினைவுக்கு வரும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள், பால்கனிப் பூந்தொட்டிகள், துணி காயப்போடும் கம்பி நிலை, பரணில் ஏற்றிவைத்த எவர்சில்வர் அண்டாக்கள், தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பலகாரத் தகரங்கள் ஆகியவையே மறக்கப்படும். நம் வீடுகளில் கன அளவுக் கணக்கில் அடங்காத இன்னொரு வகையும் உண்டு: ஆட்டுக்கல், அம்மி, கிரைண்டர், பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவை இடம் அதிகம் எடுப்பதில்லை, ஆனால் எடை மிகுதி. புத்தகங்களும் அப்படியே. 40, 30, 30 செ.மீ. அளவுள்ள சிறு பெட்டி 1.3 கன அடிதான் என்றாலும் புத்தகம் நிறைந்தால் 20 கிலோவைத் தாண்டும். இவற்றைப் பட்டியலின் கடைசியில் ‘கனமானவை’ என்று தனியே எழுதுவது தூக்குகிறவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. சாமி மேடையையும் அங்கேயே குறிப்பிடலாம். அதை யார் கழற்றுவது, யார் தூக்குவது என்று குடும்பத்தில் முன்னரே முடிவு செய்துவிட்டால் அன்று காலை குழப்பம் இருக்காது.

காணொளி வழியில் நிறுவனத்தின் ஆள் வாட்ஸ்அப் அழைப்பில் வருகிறார், நாம் கைப்பேசியுடன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறோம். அலுவலக நேரத்தில் வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கும், பினாங்கில் உள்ள பெற்றோரின் வீட்டைக் கோலாலம்பூரில் இருந்துகொண்டு காலி செய்ய வேண்டியவர்களுக்கும் இது பெரும் உதவி. ஆனால் அகலக் கோணத்தில் காட்டினால் அறை பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் தெரியும். ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் பக்கத்தில் அளவு நாடாவை விரித்துப் பிடித்தாலோ, உயரம் தெரிந்த கதவையும் சேர்த்துக் காட்டினாலோ இந்தக் குறை பெருமளவு நீங்கும். அலமாரிக் கதவுகளைத் திறந்து காட்டாத காணொளியால் பயன் இல்லை, ஏனெனில் மரச்சாமான்களின் அளவை யாரும் ஊகித்துவிடலாம், பெட்டிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதோ உள்ளே இருப்பவைதான். பதிவு செய்து அனுப்புவதைவிட நேரலை அழைப்பே நல்லது, அங்கே மதிப்பீட்டாளர் கேள்வி கேட்க முடியும். அதே நேரம் ஒரு பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். எதைக் காட்டினோம், எதைக் காட்டவில்லை என்ற தகராறு எழுந்தால் அது பேசும். அறையைத் தானே அளந்து கன அளவு சொல்லும் கைப்பேசிச் செயலிகளும் வந்திருக்கின்றன. மூடிய அலமாரிக்குள் இருப்பதை அவற்றாலும் பார்க்க முடியாது என்பதால் அவற்றைத் தனி வழியாக நான் கணக்கில் கொள்ளவில்லை.

மதிப்பீட்டாளர் நேரில் வருவதற்கு ஈடான பலன், கன அளவைப் பொறுத்தவரை, நல்ல பட்டியலும் நல்ல காணொளியும் சேர்ந்தாலே ஏறக்குறையக் கிடைத்துவிடும். நேரில் வருபவர் கூடுதலாகப் பார்ப்பது வழியை. கொண்டோவின் தரைக்கீழ் வாகன நிறுத்தத்தில் உயரத் தடை 2.1 மீட்டர் என்று எழுதியிருந்தால் பெட்டி லாரி உள்ளே நுழையாது. வெளியே நிறுத்திவிட்டு, சிறு வேனில் பல முறை ஏற்றி இறக்க வேண்டும். 183 செ.மீ. அகலமுள்ள கிங் மெத்தை மின்தூக்கியில் நுழையுமா, படிக்கட்டில்தான் வளைத்து இறக்க வேண்டுமா என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் அஞ்சடி நடைபாதையும் செங்குத்தான மரப்படியும் இருக்கின்றன. மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடிகளில் நான்காம் மாடியிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் தோளில் இறங்க வேண்டும். 300 கன அடிச் சாமானுக்கு அரை நாள் ஆகுமா முழு நாள் ஆகுமா என்பதை இவையே முடிவு செய்கின்றன. பல கொண்டோக்களில் நிர்வாக அலுவலகத்திடம் முன்பதிவு செய்து, முன்பணம் கட்டி, குறிப்பிட்ட மணிநேரத்துக்கு மட்டுமே மின்தூக்கியைப் பெற முடியும் என்பதால், அந்த நேரம் தவறினால் இன்னொரு நாளும் செலவாகும். நேரில் வருபவரிடம் ஒரு குறையும் காணப்படுகிறது: பார்த்ததை மனத்தில் கூட்டி, இறுதியில் ஒரே ஓர் எண்ணை மட்டும் தந்துவிட்டுச் செல்வார். அந்த எண்ணைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். தர மறுத்தால், அவருடைய அனுபவம் எவ்வளவாயினும், அந்த விலைப்புள்ளியை மற்றவற்றோடு ஒப்பிடவே இயலாது.

என் தேர்வு இதுதான். கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கிற்குள்ளேயே மாறும் சிறிய வீட்டுக்குச் சொந்தப் பட்டியலும் லாரியின் உள்ளளவும் போதும், நேரில் வரும்படி வற்புறுத்தத் தேவையில்லை. பினாங்குக்கும் தலைநகருக்கும் இடையே மாறுபவர்கள் பட்டியலை முதலில் அனுப்பிவிட்டு, நேரலைக் காணொளியில் வரிவரியாகச் சரிபார்க்கட்டும். படிக்கட்டோ குறுகிய சந்தோ இருந்தால் அவற்றையும் நடந்து காட்டட்டும். கடல் கடந்து அனுப்புவோருக்கு நேரடி வருகை அவசியம். கப்பலில் கணக்கிடப்படுவது சிப்பம் கட்டிய பின் வரும் வெளியளவு. மெத்தைக்கு உறை, கண்ணாடிக்கு மரச்சட்டம், பெட்டிக்குள் காகிதத் திணிப்பு என்று ஒவ்வொன்றும் அளவைக் கூட்டும். பகிர்வுச் சரக்கில் கன மீட்டர், டன் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். முழுக் கொள்கலன் எடுப்பவர்களும் 20 அடிக் கொள்கலனின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர் என்பதை நம்பி அத்தனை சாமானையும் சேர்த்துவிடக் கூடாது. 28 கன மீட்டரை ஒட்டித் திட்டமிடுவதே நடைமுறை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பட்டியலை விலைப்புள்ளியோடு இணைத்து இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும், அளவு கூடினால் என்ன நடக்கும் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவோருக்கான கூட்டரசு விதிகளில், கட்டுப்படுத்தாத மதிப்பீடு (இறுதித் தொகை மாறக்கூடிய மதிப்பீடு) தந்த நிறுவனம், சாமானை ஒப்படைக்கும்போது மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. எஞ்சிய தொகையைப் பின்னரே வசூலிக்கலாம். அங்கே கட்டணம் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்றாலும், அந்தக் கொள்கையை நம் விலைப்புள்ளியில் ஒரு வரியாகக் கேட்டுப் பெற எந்தத் தடையும் இல்லை: பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும், பட்டியலில் இல்லாதவற்றுக்குக் கன அடிக்கு இவ்வளவு வெள்ளி. அப்படி எழுதிய பிறகு புதிய சோபா வாங்கினாலோ, பழைய கட்டிலை உறவினருக்குக் கொடுத்தாலோ, அந்த மாற்றத்தை லாரி வரும் நாளுக்கு முன்னரே எழுத்தில் அனுப்பித் திருத்திய தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.