வேலூரில் பெரியவர்களுக்கான கலை வகுப்புகள்: ஒரு பருவத்தின் மதிப்பீடு

பெரியவர்களுக்குக் கலை கற்பிக்கிறோம் என்று அறிவிப்பவர்கள் வழக்கமாக இரண்டு ஆசைகளைக் காட்டுவார்கள்: ஒன்று மேடை, மற்றொன்று சான்றிதழ். சத்துவாச்சாரியில் ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடிந்த இந்தப் பருவ வகுப்புகளின் அறிவிப்பிலும் இவ்விரண்டும் இடம்பெற்றிருந்தன. தெருக்கூத்து, கல்வெட்டும் சிற்பமும், திருப்புகழ் இசை, மண்பாண்டம், தஞ்சாவூர் ஓவியம் என ஐந்து வகுப்புகள். வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் 3,000 ரூபாய். நான் முதல் இரண்டில் முழுமையாகவும், திருப்புகழில் பாதிக்கு மேலும் கலந்துகொண்டேன். மற்ற இரண்டைப் பற்றி, உடன் படித்தவர்கள் சொன்னதையும், வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதித்த நாட்களில் நான் கண்டதையும் கொண்டு எழுதுகிறேன். ஐம்பதைக் கடந்த ஒருவரை நான்கைந்து மாதங்களில் கலைஞராக்க எவராலும் இயலாது என்பதை உணர்ந்து, அவரை விவரம் தெரிந்த பார்வையாளராக்க முயன்ற ஆசிரியர்களிடம் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது. கையில் ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்ட வகுப்புகளில் அந்தப் பொருள் மட்டுமே மிஞ்சியது.

தெருக்கூத்து வகுப்பை முதலில் சொல்ல வேண்டும். பருவத்தை ஐப்பசியில் தொடங்கியவர் யாராயினும் இந்தக் கலையின் நாட்காட்டியை அறிந்தவர். பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழாக்கள் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று ஊர் ஊராக ஆட்டம் நடக்கும் அம்மாதங்களில் நல்ல வாத்தியார் ஒருவரை வாரந்தோறும் ஒரே இடத்துக்கு வரவழைப்பது நடவாத காரியம். மழைக்காலத்தில் கூத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த ஓய்வைப் பயன்படுத்தியதனால்தான், புத்தகம் படித்துவிட்டுக் கூத்தைப் பற்றிப் பேசுபவர் கிடைக்காமல், சிறு வயதிலிருந்து மர அணிகள் பூட்டிய கட்டை வேஷம் கட்டி ஆடும் ஒருவரே எங்களுக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அவர் முதலில் கற்பித்தது தாளம். ஜால்ராவைக் கையில் கொடுத்து, மிருதங்கமும் டோலக்கும் எங்கே சேர்கின்றன, எங்கே ஒன்றை ஒன்று விட்டுப் பிரிகின்றன, முகவீணை எந்த இடத்தில் பாட்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று காதால் பிரித்தறியும் வரை அவர் எவரையும் எழுந்து நிற்க விடவில்லை. இரண்டாவது வாரத்திலேயே கைப்பேசியில் படம்பிடிக்க எழுந்த ஓர் அம்மையாரிடம், "வீடியோ அப்புறம் எடுக்கலாம்மா, முதல்ல கை தாளத்துல நிக்கட்டும்" என்று சிரித்தபடியே சொன்னார். பிறகு அடவுகள் வந்தன. சுழன்று ஆடும் கிறிக்கியை எங்களில் பெரும்பாலோர் ஒரு சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. ஆயினும் அந்த ஒரு சுற்றுக்குப் பின், கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் இறுகக் கட்டிய உடலோடு விடியும்வரை அதையே ஆடுபவரின் உழைப்பு எத்தகையது என்பது எவருக்கும் விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அந்த அணிகளை அவர் ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடை குறைந்த மரத்தைத் தேர்ந்ததன் காரணம் கைக்கே தெரிந்தது.

என் கணிப்பில் இப்பருவத்தின் மிகச் சிறந்த வகுப்பு, திரைக்கு என்று அவர் ஒதுக்கிய மாலை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடதாரி பாடத் தொடங்குவதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னால் நின்று அவரை வினவுவதும், பாத்திரம் தன்னைச் சிறிது சிறிதாகக் காட்டிப் பின் முழுமையாக வெளிவருவதும் கூத்துப் பார்த்த அனைவரும் கண்டிருப்பதுதான். அந்த வரவில் பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் எந்த வரிசையில் பாத்திரத்தைக் கட்டி எழுப்புகின்றன என்பதையும், துரியோதனன் வரும்போது திரை எவ்வளவு நேரம் நிற்கும், திரௌபதி வரும்போது எவ்வளவு நேரம் நிற்கும், அந்த வேறுபாடு எதற்கு என்பதையும் அவர் ஆடிக் காட்டியே விளக்கினார். கட்டியங்காரனின் சிரிப்பை வெறும் இடைவேளை என்று நினைத்திருந்தவர்கள் எங்களில் பலர். சபைக்கும் கதைக்கும் நடுவே நின்று, ஊர்ப் பேச்சில் கதையைத் திருப்பிச் சொல்லி, அரசனையே கேலி செய்ய உரிமை பெற்ற ஒருவனாக அவனைப் பார்க்கத் தொடங்கிய பின் எனக்குக் கூத்தின் அமைப்பே வேறாகத் தெரிந்தது.

பருவத்தின் முடிவில் அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு முழுவதும் கர்ண மோட்சம் பார்க்க அழைத்துச் சென்றார்கள். கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில், கோபமும் கெஞ்சலுமாக நீளும் அந்தத் தர்க்கத்தை எங்கள் குழுவில் ஒருவரும் தூங்காமல் கேட்டது வாத்தியாருக்குக் கிடைத்த சம்பளம் என்றே சொல்வேன். அமைப்பாளர்கள் அவருக்கு உண்மையில் கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டபோது நேரான விடை கிடைக்கவில்லை. கட்டணத்தில் எத்தனை பங்கு ஆசிரியருக்குச் செல்கிறது என்பதை அடுத்த பருவத்தின் அறிவிப்பிலேயே அவர்கள் வெளியிடுவது நல்லது. செய்யாறு வட்டத்துப் புரிசையிலும் காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்திலும் இக்கலை ஒழுங்கான பயிற்சி முறைகளோடு வாழ்கிறது. அவர்களில் ஒருவரையேனும் ஒரு நாள் அழைத்திருந்தால், ஒரே கதையைப் பாணிகள் எப்படி வேறுவேறாகக் கையாள்கின்றன என்பதையும் கண்டிருப்போம்.

கல்வெட்டும் சிற்பமும் வகுப்பை ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் நடத்தினார். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை என்பது மாலை நடைக்கும் பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்குமான இடம். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முந்தைய, கோட்டையைக் கட்டியவராகச் சொல்லப்படும் சின்ன பொம்மு நாயக்கரைப் பற்றித் தெரிந்தவர் அரிது. பேராசிரியர் எங்களை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, ஒரு முழு வகுப்பையும் ஒரே ஒரு தூணுக்குக் கொடுத்தார். முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரை, அதன் மேல் அமர்ந்த வீரன், குளம்புகளின் கீழ் சிக்கிய உருவங்கள் ஆகியவற்றைச் சிற்பி எந்தக் கோணத்திலிருந்து செதுக்கத் தொடங்கியிருப்பார், எங்கே கல்லை விட்டுவைத்துப் பாரத்தைத் தாங்கச் செய்தார் என்று அவர் காட்டிய பின், அதே மண்டபத்தின் விதானத்தில் தாமரையைச் சூழ்ந்து தலைகீழாகத் தொங்கும் கிளிகளைக் காட்டினார். எங்களில் பலர் அந்தக் கிளிகளின் கீழ் எத்தனையோ முறை நின்றவர்கள். நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. நெடுங்காலம் வழிபாடற்றுக் கிடந்த இக்கோயிலில் 1981இல் லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது என்பதையும் அவர் நினைவூட்டினார். தாம் சிறுவராக இருந்தபோது கருவறை வெறுமையாக இருந்ததை வகுப்பிலிருந்த மூத்தவர் ஒருவர் விவரித்தார். எந்தப் பாடக்குறிப்பிலும் கிடைக்காத இத்தகைய சாட்சியம் பெரியவர்கள் கூடும் வகுப்பில்தான் கிடைக்கும். பேராசிரியரும் தம் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பேச விட்டார்.

கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களுக்கு இரண்டு மாலைகள் ஒதுக்கப்பட்டன. தொறு (ஆநிரை) மீட்கும் பூசலில் இறந்துபட்ட வீரனை, உடலில் தைத்த அம்போடும் கையில் ஏந்திய ஆயுதத்தோடும் செதுக்கி, மேலே பழைய தமிழ் எழுத்து வடிவான வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டைப் பொறித்து நிறுத்தும் மரபு பழைய வட ஆர்க்காட்டில், குறிப்பாகச் செங்கம் வட்டாரத்தில், எவ்வளவு செழித்திருந்தது என்பதை அங்கே கண்டோம். மேல்பாடிப் பயணம் இதைவிடப் பயனுள்ளது. ஆற்றூரில் துஞ்சிய (இறந்த) சோழ மன்னன் அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் பொன்னையாற்றங்கரையில் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலின், அதாவது நினைவுக் கோயிலின், சுவரில், எழுத்துக்களை விரலால் தொடாமல் வரிசையாக வாசிக்கப் பழகினோம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, இடையிடையே வடமொழிக்கான கிரந்த எழுத்து வரும் என்ற மூன்று செய்திகளைப் பிடித்துக்கொண்டாலே பாதி வரி தானாக வாய்க்கு வந்துவிடுகிறது. அணையாத நந்தா விளக்கொன்று எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவதும், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கணக்கில் கொள்வதும், ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதுமான சோழர்கால ஏற்பாட்டைப் பேராசிரியர் விளக்கியபோது, பேரணாம்பட்டிலிருந்து வந்த தோல் தொழிற்சாலைக் கணக்காளர் ஒருவர், இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே போவதால் முதல் குறையாது என்ற ஏற்பாட்டின் சூட்சுமத்தை எங்கள் அனைவருக்கும் முன்னதாகப் புரிந்துகொண்டார். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் மைப்படி எடுப்பதைச் செய்து காட்டாமல், ஏற்கெனவே எடுத்த படிகளை மட்டும் கொண்டுவந்தது சரியான முடிவு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றிப் படியெடுக்கலாகாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். மகேந்திரவாடிக்கும் போவதாகத் திட்டம் இருந்தது. மழையைக் காரணம் காட்டித் தள்ளி வைத்தார்கள், பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அமைத்த விண்ணகரத்தை (திருமால் கோயிலை) இவரோடு பார்க்கும் வாய்ப்பு போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

திருப்புகழ் வகுப்புக்கு வள்ளிமலை இருக்கும் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அமையாது. அருணகிரிநாதர் பாடிய தலங்களில் அது ஒன்று என்பதோடு, திருப்புகழைப் பாடிப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்த மலையும் அதுவே. ஆசிரியை பாட்டுக்கு முன் சந்தத்தைத் தாளத்தோடு சொல்லப் பழக்கியது நல்ல முறை. 'தத்தன தனதன' என்ற ஓட்டம் நாக்கில் ஏறிய பிறகு சொற்கள் தடுக்குவதில்லை. குறை என்னவெனில், கர்நாடக இசையில் வர்ணம் வரை பாடியவர்களையும் சுருதியோடு சேர்ந்து நிற்கத் தெரியாதவர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னவர்கள் சலித்தார்கள், பின்னவர்கள் கூசினார்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியை அனுப்பிய குரல் பதிவுகள்தான் இருவரையும் காப்பாற்றின. இவ்வகுப்பை அடுத்த முறை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மண்பாண்டத்துக்கு ஒரே ஒரு சக்கரம் வைத்திருந்தார்கள். தம் முறை வரும்வரை காத்திருந்தவர்கள், கடையில் வாங்கிய பானைகளுக்கு அக்ரிலிக் பூசிக்கொண்டிருந்தார்கள். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மெருகிட்ட மண்பாண்டம் செய்யும் மரபு இருக்க, அங்கு ஒரு நாள் கூட அழைத்துப் போகாத வகுப்பை மண்பாண்ட வகுப்பு என்று எப்படிச் சொல்வது? தஞ்சாவூர் ஓவியத்தில் கோட்டோவியம் முன்பே அச்சிடப்பட்ட பலகை, புடைப்புக்கான பசையான மக்கு, கற்கள், பொன்தாள் எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றைக் கட்டணத்துக்கு மேல் தனி விலைக்கு வாங்கச் சொன்னார்கள். இது சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. எல்லோர் வீட்டிலும் ஒரே வெண்ணெய்க் கிருஷ்ணர் மாட்டப்பட்டிருக்கிறார்.

நிர்வாகத்தைப் பற்றியும் சில சொற்கள். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் வருபவர்களுக்கு இன்னொரு வண்டி மாறி வரும் தொல்லை இருந்தாலும், மாலை 6.30க்குத் தொடங்குவது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கும் செவிலியர்கள் பாதி வகுப்புகளைத் தவறவிட்டார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலையில் மறுவகுப்பு என்று சொல்லியிருந்தும் கூத்துக்கும் கல்வெட்டுக்கும் மட்டுமே அது நடந்தது, அதுவும் ஆசிரியர்கள் தாமாக முன்வந்ததனால். கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. மூட்டுவலி உள்ளவர்களைக் குறிவைத்து அழைக்கும் வகுப்புக்கு இது பொருந்தாத இடம். ஜெராக்ஸ் எடுத்துத் தந்த குறிப்புகளின் எழுத்து, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. கழிப்பறை சுத்தமாக இருந்தது. தேநீர் நன்றாக இருந்தது.

அடுத்த பருவத்துக்கான பதிவு புரட்டாசியில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கூத்தும் கல்வெட்டும் எடுக்க நினைப்பவர்கள் பதிவின் முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது, இரண்டிலும் இந்த முறை இடமின்றிப் பலர் திரும்பினார்கள். பாட்டில் முன்பழக்கம் இல்லாதவர்கள், வகுப்பைப் பிரிக்கிறார்களா என்று கேட்டறிந்த பிறகே திருப்புகழுக்குப் பணம் கட்டலாம். ஓவியத்துக்குச் சேர்பவர்கள் பெட்டியின் விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்பாண்டத்துக்கு, இரண்டாவது சக்கரம் வந்துவிட்டதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.