உப்புக் காற்றில் பழைய கார்: எந்தப் பிளக், எந்த ஒயர், எப்படிக் கழற்றுவது?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி எனக் கடலை ஒட்டிய நம் ஊர்களில் மாருதி 800, ஆம்னி, பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் என்று பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தொல்லை, ஸ்பார்க் பிளக் தேய்வதற்கு முன்பே ஹெட்டில், அதாவது சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் பாகத்தில், இறுகிக்கொள்வது. அதனால் நம் பக்கத்தில் பிளக் வாங்கும்போது ஆயுள் எவ்வளவு என்பதைவிட, அடுத்த முறை சேதமில்லாமல் கழலுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளக்கில் காசைக் குறைத்து, பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரில் காசைப் போடுங்கள் என்பது என் முடிவு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளக்கின் உடம்பு எஃகு. 800, ஆம்னி, பத்மினி மூன்றிலும் ஹெட் அலுமினியம். இந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அதுவே ஒரு சின்ன பேட்டரியாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். அரித்த வெள்ளைப் பொடி மரைக்குள் அடைந்து பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினுக்கு ஹெட்டும் வார்ப்பிரும்பு என்பதால் அங்கே வெள்ளைப் பொடி கிடையாது, துருதான் வில்லன்.

சூட்டோடு கழற்றுவதா, ஆறவிட்டா?

ஒர்க்‌ஷாப்களில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. வண்டி ஓடி வந்த சூட்டிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி கொஞ்சம் தளரும். ஆனால் முழுச் சூட்டில் அலுமினிய மரை சீக்கிரம் சேதமாகும். வெள்ளைப் பொடி இறுகிய பிளக்கை அந்த நேரத்தில் பலம் போட்டுத் திருப்பினால், மரையையும் உரித்துக்கொண்டு வெளியே வரும். பிளக் கம்பெனிகளும் எஞ்சின் ஆறிய பிறகு கழற்றத்தான் சொல்கின்றன.

நான் ஆறவிடும் கட்சி. ராத்திரி எஞ்சின் ஆறியதும் பிளக்கின் அடியில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, விடிய ஊறவிட்டுக் காலையில் கழற்றுவதுதான் பத்திரமான வழி. அப்படியும் அசையவில்லை என்றால் மட்டும் வண்டியைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஹெட்டில் கை வைத்தால் பொறுக்கும் சூடு வந்ததும் நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள். அம்பாசடருக்கு இந்தச் சூடு பெரிதாக உதவாது. இரும்பும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும். அங்கே எண்ணெயும் பொறுமையும்தான்.

எதை ஊற்றுவது என்பதிலும் போட்டி உண்டு. மண்ணெண்ணெய் மலிவு, ஓரளவு ஊறவும் செய்யும். ஆனால் சூடு ஆறாத எஞ்சினில் அதை ஊற்றுவது தீயோடு விளையாட்டு, வேண்டாம். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சரக்கு, துருவை இளக்குவது அதற்கு இரண்டாவது வேலைதான். துரு இளக்குவதற்கென்றே தனியாக விற்கும் ஸ்பிரே கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை நம் ஊரில் மறக்கவே கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொடி மணல் போகாத இடமில்லை, பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலும் சேர்ந்திருக்கும். பிளக்கை எடுத்ததும் அது நேரே சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். அதனால் ஸ்பிரே அடிப்பதற்கு முன்பே, குழி காய்ந்திருக்கும்போது, பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்து ஊதிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுவது நல்லது.

கருவியில் டி ஸ்பேனர், ராட்செட்டில் மாட்டும் பிளக் சாக்கெட் என்று இரண்டு இருக்கிறது. இறுகிய பிளக்குக்கு நான் சாக்கெட்டைத்தான் சொல்வேன். ஆறு முனை உள்ளதாக, உள்ளே பீங்கானைப் பிடிக்க ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். பிளக்கின் ஆறுமுகத் தலை பழைய வகையில் 20.8 மி.மீ., பின்னால் வந்தவற்றில் 16 மி.மீ. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பார்த்து வாங்குங்கள். கைப்பிடியில் நீள பைப் செருகி இழுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பலம் கிடைக்கும், ஆனால் சாக்கெட் சாய்ந்து பீங்கான் உடையும். இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள்.

கொஞ்சம் அசைந்து கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, திரும்ப உள்ளே முடுக்கி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. ஒரு பிளக்குக்கே அரை மணி நேரம் போனாலும் போகட்டும், மரை பிழைக்கும். எல்லாம் கழன்ற பிறகு இக்னிஷன் காயிலின் நடு ஒயரைப் பிடுங்கி பாடியில் எர்த் செய்துவிட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃபைச் சில நொடி அடித்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே தெறித்துவிடும். அப்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கலா, இரிடியமா?

பிளக் முனையில் இரிடியம் வைப்பதன் பெருமை பொய்யில்லை. முனை மெல்லியது, குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், தேய்மானமும் மிகக் குறைவு. காயில் கொஞ்சம் சோர்ந்த பழைய வண்டியில்கூட காலை ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும். கடலை விட்டுத் தள்ளிய ஊரில் நிறைய ஓடும் வண்டியாக, ஏசி ஷெட்டில் நிற்பதாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் நம் வண்டிகள் அப்படியா? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம், அப்புறம் வாரம் ஒரு சந்தை என்று கொஞ்சம்தான் ஓடுகின்றன, மீதி நேரமெல்லாம் உப்புக் காற்றில் நிற்கின்றன. கிலோமீட்டர் கணக்கில் ஆயுள் முடியக் காத்திருந்தால் இரிடியம் பல வருடம் கழற்றாமலே கிடக்கும். அத்தனை வருடமும் மரைக்குள் பொடி சேரும். சாதாரண நிக்கல் பிளக்கோ விலை குறைவு, வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசி கடைசியில், அடைமழை தொடங்கும் முன், கழற்றிப் பார்க்க மனம் வரும். முனையில் பொறி தாண்டும் இடைவெளியைச் சரிசெய்து திரும்பப் போடலாம், இல்லையென்றால் புதிதாகவே மாற்றலாம். அந்த வருடாந்தரக் கழற்றல்தான் ஹெட்டைக் காப்பாற்றுகிறது. பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, இந்த வண்டிகளுக்கு அதற்குத் தேவை இல்லை.

கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் எண்ணில் கவனமாக இருங்கள். என்ஜிகே, டென்சோ பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை, அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்துவது. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான வகை. நேர் எதிர்.

மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி, அதைக்கொண்டு விரலாலேயே முடுக்குங்கள். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிக்கொண்டு சுற்றும், நமக்குத் தெரிந்துவிடும். கையில் முடுக்கி நின்ற பிறகு, புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அரையிலிருந்து முக்கால் சுற்றுக்குள் போதும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரைக்கு இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவலாமா என்று பலரும் கேட்கிறார்கள். என்ஜிகே வேண்டாம் என்கிறது. அவர்கள் பிளக்கில் ஏற்கெனவே துரு தடுக்கும் பூச்சு இருக்கிறது, பேஸ்ட் தடவினால் வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். வருடா வருடம் கழற்றுகிறவருக்கு அது இல்லாமலே நடக்கும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இங்கே கணக்கு தலைகீழ். மலிவான ஒயரின் மேல்தோல் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வெடித்துவிடும். அந்த வெடிப்பில் உப்பு படிகிறது, ராத்திரிப் பனியில் உப்பு ஈரத்தை இழுக்கிறது, காலையில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவுகிறது. மழைக்காலக் காலையில் வண்டி மிஸ்ஸிங் அடித்து, வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் ஒயர் மேல்தான் வர வேண்டும். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், கை வைக்காதீர்கள். நீலப் பொறி தெரிந்தால் அந்த செட் முடிந்தது.

சிலிகான் தோல் போட்ட ஒயர் விலை கூடுதல், ஆனால் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு அரிப்பு தாங்க அடித்திருக்கும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் இதே சிலிகான் குடும்பம்தான். உள்ளே கார்பன் இழை உள்ள ஒயர் போதும். வெறும் செம்புக் கம்பி ஒயர் ரேடியோவில் இரைச்சல் போடும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்தக் கம்ப்யூட்டரையும் தொந்தரவு செய்யலாம்.

பழைய ஒயரை எடுக்கும்போது ரப்பர் தொப்பியை முதலில் இரண்டு பக்கமும் திருகித் தளர்த்துங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே நீளத்தில் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். குழம்பிவிட்டால், சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 800-க்கு 1-3-2, அம்பாசடருக்கு 1-3-4-2. தொப்பிக்குள் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் ஈரம் புகாது, அடுத்த முறை ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. எஞ்சினை போர்வெல் தண்ணீரில் கழுவும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் பக்கம் பல இடங்களில் அதுவே உப்புத் தண்ணீர்.

மரை போய்விட்டால்

லேசான சேதம் என்றால் மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்தால் போதும். டேப்பின் பல்லிடுக்கில் கிரீஸ் தடவிக்கொண்டால் சிராய் அதில் ஒட்டும். மரையே உரிந்துவிட்டால் புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் கம்பிச் சுருள், இல்லையென்றால் லேத்தில் கடைந்த கெட்டியான புஷ். சுருள் மலிவு, ஹெட்டை இறக்காமலும் போடலாம், ஆனால் பிளக்கைக் கழற்றும்போது சில நேரம் அதோடு சேர்ந்து வந்துவிடும். வருடா வருடம் கழற்றப்போகிறோம் என்பதால் நான் புஷ் பக்கம். அதற்கு ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குவது என்று முடிவானால் புது ஹெட் கேஸ்கெட்டையும் வாங்கி வைத்துவிட்டு, மற்ற சிலிண்டர்களின் மரையையும் அப்போதே லேத் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.