காணாமப் போனவங்கள எங்க போய் தேடுறது: போலீஸா, ரெட் கிராஸா, ஃபேஸ்புக்கா?

புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பக்கத்துலதான் எங்க ஜெராக்ஸ் கடை. ஸ்கூல் ஃபார்ம், காலேஜ் ஃபீஸ், கரண்ட் பில்லுன்னு கூட்டம் வரும், ஆனா வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது வேற ஒரு வேலையா வருவாங்க. கையில பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வச்ச பழைய போட்டோ ஒண்ணு இருக்கும். "தம்பி, இதை நெட்டில போட்டா ஆள் கிடைக்குமோ?"ன்னு கேப்பாங்க. முன்னாடியெல்லாம் நானும் உடனே ஸ்கேன் பண்ணி ஃபேஸ்புக்குல போட்டுக் குடுத்துட்டு இருந்தேன். இப்ப அப்படிப் போடுறதில்ல, முதல்ல உக்கார வச்சு கேப்பேன், ஆள் எப்போ, எப்படி தொலைஞ்சார்னு. அந்த பதிலைப் பொறுத்துதான் எந்தக் கதவைத் தட்டணும்ங்கறதே இருக்கு, தப்பான கதவுல வருஷக்கணக்கா நின்னவங்கள நான் பாத்திருக்கேன்.

ரெண்டு பேரை வச்சு சொல்றேன், பேரு வேணாம். ஒருத்தர் மணலியில கம்பெனி வேலை பாக்குற ஒடிசாக்காரர், தம்பி ஊர்ல இருந்து ரயில் ஏறி சென்ட்ரல் வரேன்னு சொன்னவன் வரல, போன் ஸ்விட்ச் ஆஃப். இன்னொருத்தர் முகாம்ல இருக்கற அம்மா, இலங்கை வன்னியில இருந்து வந்தவங்க, 2009 கடைசி சண்டையில தம்பியைத் தொலைச்சுட்டு வந்தவங்க. ரெண்டு பேருக்கும் கேள்வி ஒண்ணுதான், ஆனா வழி சுத்தமா வேற.

ஒடிசாக்காரர் விஷயத்துக்கு போலீஸ்தான் முதல் கதவு, சந்தேகமே இல்ல. ஆள் தொலைஞ்சு சில நாள்தான் ஆச்சு, இந்தியாவுக்குள்ளதான் இருக்காரு, அப்படின்னா போன் டவர், கால் ரெக்கார்டு, ஸ்டேஷன் சிசிடிவி இதெல்லாம் எடுக்கற அதிகாரம் போலீஸுக்குத்தான் இருக்கு, ரெட் கிராஸ்காரங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அதைச் செய்ய முடியாது. 24 மணி நேரம் கழிச்சு வாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அப்படி ஒரு சட்டமே கிடையாது. காணாமப் போனது 18 வயசுக்கு கீழன்னா 2013ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, உடனே எஃப்ஐஆர் போட்டாகணும்னு, கூடவே 1098க்கும் அடிச்சிடுங்க. பெரியவங்களுக்கு நம்ம ஊர்ல மேன் மிஸ்ஸிங்னு எஃப்ஐஆர் போடுவாங்க. சில இடத்துல புகாரை வாங்கிக்கிட்டோம்னு வெறும் சிஎஸ்ஆர் ரசீது குடுத்து அனுப்பிடுவாங்க, அதோட திருப்திப்படாம எஃப்ஐஆர் கேளுங்க, காப்பி இலவசம்தான்.

அவரை ஒரு ஸ்டேஷன்ல "ஆள் ஏறினது ஒடிசாவுல, அங்க போய் குடு"ன்னாங்க, இன்னொரு இடத்துல ரயில்வே போலீஸ்கிட்ட போன்னாங்க, ரெண்டு நாள் அதுலயே போச்சு. 2024 ஜூலையில இருந்து நடப்புல இருக்கற புது சட்டத்துல குற்றம் நடந்திருக்கும்னு சந்தேகம் இருந்தா எந்த ஏரியா ஸ்டேஷன்லயும் புகாரைப் பதிவு பண்ணியே ஆகணும், ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றது அதைத்தான். அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் வாங்கினாங்க. பாஷை தெரியாதவர் தனியா போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, அதனால கூட ஒரு தமிழ் தெரிஞ்ச ஆள் போறது ரொம்ப முக்கியம், இதை நான் கெஞ்சிக் கேக்கறேன்.

ஆனா ஆள் கிடைச்சது போலீஸால இல்ல. பதினோராவது நாள் ஒரு அரசு ஆஸ்பத்திரி வார்டுல கிடைச்சான், தலையில கட்டு, பேசற நிலையில இல்ல. அண்ணன்காரர் அதே ஆஸ்பத்திரிக்கு நாலாம் நாளே போயிருக்கார், என்கொயரியில தம்பி பேரைச் சொல்லி கேட்டிருக்கார், அந்தப் பேர்ல யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எப்படி இருக்கும், நோட்டுல எழுதியிருந்தது "அன்னோன் மேல், வயது சுமார் 30"ன்னு! அதனால ஆஸ்பத்திரிக்கு போனா பேரைச் சொல்லி கேக்காதீங்க. இந்தத் தேதியில இருந்து அன்னோனா யாரெல்லாம் அட்மிட் ஆனாங்கன்னு கேளுங்க, கேஷுவாலிட்டியில ஏ.ஆர். புக்னு சொல்ற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைப் பாக்கச் சொல்லுங்க. நம்ம பக்கம்னா சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜி.எச்., ஸ்டான்லி ரெண்டும் முதல்ல, அப்புறம் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. சித்தம் கலங்கி ரோட்டுல திரியறவங்கள அங்கதான் கொண்டு போய் சேப்பாங்க, வடநாட்டு ஆளுங்க வருஷக்கணக்கா ஊரு பேரு சொல்ல முடியாம அங்க இருந்திருக்காங்க. ஸ்டான்லி மார்ச்சுவரியையும் கேட்டுடணும், சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா கேட்டுடணும். சென்னை போலீஸ் 2021ல ஆரம்பிச்ச காவல் கரங்கள்ங்கற குழுவும் ஆதரவில்லாம ரோட்டுல கிடக்கறவங்கள மீட்டு குடும்பத்தோட சேக்கறாங்க, அங்கயும் ஒரு தகவல் குடுத்து வைங்க. இன்னொண்ணு, பேர் சொல்ல முடியாதவங்களுக்கு புதுசா ஆதார் எடுக்கப் போனா கைரேகை ஏற்கனவே பதிவாயிருக்குன்னு ரிஜெக்ட் ஆகும், அதை வச்சே வீட்டைக் கண்டுபிடிச்சு சேத்தது நிறைய ஊர்ல நடந்திருக்கு.

இப்ப அந்த அம்மா. அவங்களுக்கு நம்ம லோக்கல் ஸ்டேஷனால ஒண்ணும் ஆகாது, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அவங்களுக்கு ரெட் கிராஸ்தான் சரி. எழும்பூர் மாண்டியத் ரோட்டுல ரெட் கிராஸ் தமிழ்நாடு கிளை இருக்கு, குடும்பத் தொடர்பை மீட்டுக் குடுக்கற வேலைன்னு சொல்லி கேக்கணும். ஒரு பைசா வாங்க மாட்டாங்க. 1870ல ஐரோப்பாவுல நடந்த சண்டை சமயத்துல சுவிட்சர்லாந்து பாசல்ல கைதிகளோட கடிதத்தை வீட்டுக்குச் சேக்க ஆரம்பிச்ச வேலை, இன்னைக்கு 190க்கு மேல நாட்டுல கிளை இருக்கு, இலங்கையில மட்டும் காணாமப் போனவங்களைத் தேடச் சொல்லி 16,000க்கு மேல கோரிக்கை அவங்ககிட்ட பதிவாயிருக்கு.

போலீஸோட வச்சுப் பாத்தா ரெட் கிராஸ்ல எனக்குப் பெரிசா படறது ரெண்டு விஷயம். ஒண்ணு, குடுக்கற தகவல் நம்ம சம்மதம் இல்லாம அரசாங்கத்துக்குப் போகாது. முகாம்ல இருக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருக்கறவங்களுக்குப் புரியாது. பையன் சொல்லாம கொள்ளாம படகு ஏறிட்டான்னா, ஸ்டேஷன்ல சொன்னா போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் வரும், மாச உதவித்தொகை நிக்கும், மத்த பிள்ளைங்களுக்கும் பிரச்சனைன்னு பயந்து வாயே திறக்க மாட்டாங்க. 2021 அக்டோபர்ல தமிழ்நாட்டுல இருந்து கிளம்புன ஈழத்தமிழர் 89 பேர் படகு பழுதாகி இந்தியப் பெருங்கடல்ல இருக்கற டியாகோ கார்சியா தீவுல போய் ஒதுங்குனாங்க, கடைசி வரைக்கும் அங்க கிடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மூணு வருஷம் கழிச்சு 2024 டிசம்பர்லதான் இங்கிலாந்து போய்ச் சேந்தாங்க. அந்த மாதிரி நேரத்துல இங்க இருக்கற தாய் தகப்பன் யார்கிட்ட போய்க் கேப்பாங்க சொல்லுங்க.

ரெண்டாவது, ஆள் கிடைச்சாலும் அவர்கிட்ட கேட்டு, அவர் சரின்னு சொன்னாத்தான் அட்ரஸை நமக்குக் குடுப்பாங்க. இதைக் கேட்டதும் சில பேருக்கு கோவம் வருது, என் புள்ள என் உரிமைன்னு. ஆனா பயந்து ஒளிஞ்சு வாழற ஆளும் இருக்காங்க, அடிக்குற புருஷன்கிட்ட இருந்து ஓடிப்போன பொண்ணும் இருக்கா, கண்டுபிடிக்கறதே ஆபத்தா ஆகிடக் கூடாதில்ல. ஐரோப்பாவுக்குப் போற வழியில தொலைஞ்சவங்களுக்குன்னு 2013ல இருந்து ரெட் கிராஸ் ஒரு வெப்சைட் வச்சிருக்கு, அதுல தொலைஞ்சவர் போட்டோ இருக்காது, தேடறவர் போட்டோதான் இருக்கும், கீழ "என் தம்பியைத் தேடறேன்"னு மட்டும். பாக்கறவர் நம்ம அக்கா மாதிரி இருக்கேன்னு நினைச்சா அவராத் தொடர்பு கொள்ளலாம், விருப்பம் இல்லன்னா சும்மா இருந்துடலாம். எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்காங்க பாருங்க.

குறைன்னா காலம்தான். மாசக்கணக்கா ஆகும், வருஷமும் ஆகும், பதில் வராமலேயும் போகும்.

ஃபார்ம் நிரப்பறதுல ஒரு நாள் போச்சு எங்களுக்கு. தம்பியோட முழுப்பேர், அப்பா பேர், அம்மா பேர், பிறந்த ஊர், கடைசியா எங்க எப்போ பாத்தீங்க, யார்கூட இருந்தார்னு கேக்கும். பேரை இங்கிலீஷ்ல எழுதறதுலதான் சிக்கலே, நம்ம ஊர்ல எழுதற ஸ்பெல்லிங் ஒண்ணு, இலங்கைக்காரங்க ஸ்பெல்லிங் வேற, வெளிநாட்டு ஆபீஸ்ல அப்பா பேரை ஆள் பேராவே ஏத்தியிருப்பாங்க. அதனால தெரிஞ்ச எல்லா ஸ்பெல்லிங்கையும் எழுதினோம், வீட்டுல கூப்பிடற பேரையும் சேத்து. அடையாளம்னு கேட்ட இடத்துல அந்த அம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "இடது புருவத்தில ஒரு வெட்டு இருக்குது தம்பி, கிணத்துக்கட்டில விழுந்தவன், நாந்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான்"னாங்க. அதை அப்படியே எழுதினேன்.

அவங்களுக்கு இன்னொரு கதவும் இருக்கு, இலங்கை அரசோட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஓஎம்பின்னு சொல்றது. 2016ல சட்டம் வந்து 2018லதான் வேலையைத் தொடங்குச்சு, மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சின்னு கிளை இருக்கு. இது அரசாங்க ஆபீஸ், அதனால அரசாங்க ஆவணத்தைக் கேட்டு வாங்க அதுக்கு அதிகாரம் இருக்கு, ரெட் கிராஸுக்கு அது இல்ல. இறப்புச் சான்றிதழ் வாங்க மனசு வராத குடும்பத்துக்கு, ஆள் காணக்கிடைக்கலன்னு ஒரு சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கு, பேங்க் கணக்கு, நிலம் இதுக்கெல்லாம் அது உதவும். ஆனா அந்த அலுவலகம் கண்டுபிடிக்கறதை வச்சு யாருக்கும் தண்டனை வராது, சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் 2017 பிப்ரவரியில காணாமப் போன புள்ளைங்களைக் கேட்டு ரோட்டோரம் போராட்டத்துல உக்காந்த தாய்மார் அதனாலதான் அதை நம்பல. நான் அந்த அம்மாகிட்ட ரெண்டையும் சொன்னேன். "கையில பிடிச்சுக் குடுத்தவையிட்டயே போய் ஆளைக் காணேல்லை எண்டு எழுதிக் குடுக்கிறதோ"ன்னு கேட்டாங்க, இலங்கை அரசாங்கத்தைத்தான் சொல்றாங்க, நான் அதுக்கு மேல வற்புறுத்தல. அவங்க முடிவு அவங்களோடது. ஆனா வேற குடும்பம் கேட்டா குடுத்து வைங்கன்னுதான் சொல்லுவேன், யாழ்ப்பாணம் பக்கத்து செம்மணி புதைகுழி மாதிரி இடத்துல தோண்டத் தோண்ட எலும்பு வருது, நாளைக்கு டிஎன்ஏ பாக்கணும்னா யாரோட ரத்தத்தோட ஒப்பிடறதுன்னு ஒரு பதிவு வேணுமே.

வேலைக்கு வளைகுடா, மலேசியா போய் தொலைஞ்சவங்கன்னா கதை வேற, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தா வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் போடுங்க, எம்பசிக்குப் போகும். பாஸ்போர்ட் காப்பி இல்லன்னா ஊர் ஏஜென்ட்கிட்டயாவது வாங்குங்க. இலங்கைத் தமிழர்ல தமிழ்நாட்டுக்குள்ளயே வேற முகாம்ல இருக்கலாம்னு தோணினா சேப்பாக்கம் எழிலகத்துல இருக்கற மறுவாழ்வுத் துறைதான், 100க்கு மேல முகாமோட பதிவு அங்க இருக்கு.

கடைசியாத்தான் ஃபேஸ்புக், வாட்ஸ்அப். வேகம்னா இதை அடிச்சுக்க எதுவும் இல்ல, ஒரே ராத்திரியில டொராண்டோ வரைக்கும் போயிடும், ஒரே ஊர்க்காரங்க குரூப்பா இருந்தா பலன் குடுக்கும், நானே ஒரு பள்ளிக்கூட சிநேகிதியைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா அந்த அம்மாவோட தம்பி போட்டோவை அவங்க போன் நம்பரோட போட்ட மூணாவது நாளே ஒருத்தன் கூப்பிட்டான், உங்க தம்பி கேம்ப்ல உயிரோட இருக்கான், வெளிய எடுக்க 40,000 வேணும்னு. அந்த அம்மா தோட்டைக் கழட்டிட்டு கடைக்கு வந்துட்டாங்க. புருவத்துல என்ன அடையாளம்னு கேளுங்கன்னு சொல்லிக் குடுத்தேன், லைன் கட் ஆயிடுச்சு. அதுல இருந்து ஒரு வழக்கம் வச்சிருக்கேன், குடும்பத்துக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு அடையாளத்தைப் போஸ்ட்டுல போடாம வச்சுக்கணும், நம்பரும் அவங்க நம்பர் இல்லாம என் கடை நம்பர்.

ஃபார்ம் குடுத்து எட்டு மாசம் ஆகுது, பதில் இன்னும் வரல. போன வாரம் வந்து, "தம்பி, சிம் மாத்திப் போட்டன்"னு சொன்னாங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு, ஃபார்ம்ல இருக்கறது பழைய நம்பர். திங்கக்கிழமை காலையில கடையை லேட்டா திறந்துட்டு ரெண்டு பேருமா எழும்பூர் போய் மாத்திட்டு வரப்போறோம்.