டாஷ்போர்டில் எல்இடி போடலாமா? டிம்மரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

காரில் வேகம் காட்டும் மீட்டருக்குள் ஒரு பல்பு போனால் மற்றவையும் வரிசையாகப் போக ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு எரிந்தவை. என் காரிலும் அப்படித்தான் ஆனது. எப்படியும் டாஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டும், அதே வகை பல்பையே புதிதாகப் போடுவதா, எல்இடிக்கு மாறிவிடுவதா என்று யோசித்து, இரண்டையும் வாங்கி மாட்டிப் பார்த்தேன். கடைசியில் மீட்டரில் பல்பும், சில சுவிட்சுகளில் மட்டும் எல்இடியும் நின்றன. ஆகவே இது நடுநிலையான அலசல் என்று சொல்லமாட்டேன். மீட்டரைப் பொறுத்தவரை நான் பல்பு கட்சி.

நான் பேசுவது மீட்டரின் முதுகில் பல்பு ஹோல்டரைக் கால் சுற்று திருகி எடுக்கிற வகைக் கார்களைப் பற்றி. போர்டிலேயே எல்இடியைப் பற்றவைத்து வருகிற பிந்தைய கார்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அதில் நிறம் மாற்ற ஆசைப்பட்டால் அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

எல்இடிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வதை முதலில் முடித்துவிடலாம். மின்சாரம் மிச்சம் என்பார்கள். 3 வாட் பல்பு ஐந்து இருந்தால் 15 வாட், ஒரு ஹெட்லைட் பல்பே 55 வாட், இதில் மிச்சம் பார்த்து என்ன ஆகப்போகிறது. சூடு குறைவு என்பது உண்மைதான். பழைய மீட்டரைக் கழற்றினால் பல்புக்கு நேரே வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, சில இடத்தில் பொரிந்துபோயும் இருக்கும், எல்இடி அப்படிச் செய்யாது. ஆயுளில் எல்இடிக்குத்தான் பெயர். ஆனால் என் காரோடு வந்த பல்புகள் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் போயின. சுவிட்சில் நான் போட்ட எல்இடிகள் இன்னும் அவ்வளவு காலம் ஓடவில்லை, அதனால் ஆயுள் விஷயத்தில் என் சாட்சி அரைகுறைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முடிவைத் தீர்மானித்தது மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்.

பழைய கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரம் பெரும்பாலும் ஒரு ரியோஸ்டாட், அதாவது கரன்ட்டுக்குத் தடை போடும், கம்பி சுற்றிய ரெசிஸ்டர். விளக்குகளோடு வரிசையில் நின்று கொஞ்சம் வோல்டேஜைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், மீதி விளக்குக்குப் போகும். அது எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது அதன் வழியாக ஓடும் கரன்ட்டைப் பொறுத்தது. இந்த ஒரு வரியைத்தான் எல்இடி விற்கிற யாரும் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் என்று வையுங்கள். மீட்டரும் சுவிட்சுகளும் சேர்ந்து முழு வெளிச்சத்தில் 1.2 ஆம்ப் இழுக்கும் பல்புகள், டிம்மரை முழுக்கக் குறைத்தால் அதன் தடை 10 ஓம். வோல்டேஜ் குறையக் குறைய பல்பு இழுக்கும் கரன்ட்டும் குறையும். அதையும் சேர்த்துப் பார்த்தால் பல்புகளுக்குக் கிடைப்பது 6 வோல்ட் சொச்சம்தான். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைகிற வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக விழும், ஏறக்குறைய வோல்டேஜின் 3.4 அடுக்கில். அதாவது 6 வோல்ட்டில் முழு வெளிச்சத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டிம்மர் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

அதே இடத்தில் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றுங்கள். மொத்தமும் சேர்த்து 0.12 ஆம்ப் இழுத்தால் அதிகம். அதே 10 ஓம் இப்போது ஒரு வோல்ட் அளவுதான் வாங்கிக்கொள்ளும். வழக்கமாகக் கிடைக்கும் எல்இடி பல்பில் ஒளி விடும் மூன்று சிப்புகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட், மீதிக்கு ஒரு சிறு ரெசிஸ்டர். 14 வோல்ட் 13 ஆனால் வெளிச்சம் ஐந்தில் நான்கு பங்காகும். சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாலும் வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டிம்மர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, பெரும்பாலும் பல்பு, ஒன்றிரண்டு மட்டும் எல்இடி என்று கலந்து போட்டால்? அதையும் பார்த்தேன். பல்புகள் இருப்பதால் ரியோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது, லைன் 6 வோல்ட்டுக்கு இறங்குகிறது. மூன்று சிப் எல்இடிக்கு 9 வோல்ட் இல்லாமல் உயிரே வராது. சக்கரம் பாதி வருவதற்குள் எல்இடி பக்கம் பொட்டென்று அணைந்துவிடும், பல்பு பக்கம் மட்டும் இளமஞ்சளாக எரியும். ஒற்றைச் சிப் வகை என்றால் அணையாது, ஆனால் கால் பங்குக்குக் கீழே இறங்காது. பக்கத்தில் பல்பு பதினைந்தில் ஒன்றில் எரிகிறபோது இது மட்டும் தனியாக முழித்துக்கொண்டு நிற்கும். உள்ளேயே கரன்ட்டை நிலையாக வைத்திருக்கும் சர்க்யூட் உள்ள எல்இடி இன்னும் மோசம், அதன் வேலையே வோல்டேஜ் இறங்கினாலும் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது. அவற்றில் சில, எஃப்எம் ரேடியோவில் இரைச்சலையும் கிளப்பும்.

எல்இடிகளுக்கு இணையாக ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டு டிம்மரை ஏமாற்றலாம் என்று யோசனை சொல்வார்கள். அதே 1.2 ஆம்ப்பை இழுத்தால்தான் அது பலிக்கும். அப்படியானால் 17 வாட் அளவு சூட்டை டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒயர் கட்டுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதற்குப் பல்பே போட்டுவிடலாமே.

வெளிச்சம் கூட இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். தெருவிளக்குள்ள ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்குக் குறை ஒன்றுமில்லை. விளக்கே இல்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். கண்ணுக்குக் கீழே ஒரு நீல வெள்ளைத் தட்டு எரிந்துகொண்டிருந்தால் அது பழகவே விடாது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்கள் நீலப்பச்சைக்குத்தான் அதிகமாகச் சிலிர்க்கும், சிவப்பை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. பல்பை டிம் செய்தால் ஒளி குறைவதோடு நிறமும் சிவப்பு பக்கம் நகர்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனாலும் இரவுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. சாப் (Saab) என்ற ஸ்வீடன் நாட்டுக் கார்கள் பலவற்றில் நைட் பேனல் என்று ஒரு பட்டனே இருந்தது, அமுக்கினால் வேகமானியைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். இரவில் மீட்டர் எவ்வளவு அடங்கி எரிய வேண்டும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது. போதாததற்கு பிரகாசமான மீட்டர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்து, வெளியே உள்ள சைடு மிரரைப் பார்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை எல்இடி என்பது நீலச் சிப்பின் மேல் பாஸ்பர் என்கிற மஞ்சள் ஒளிர்பொடி பூசியது, அதில் சிவப்பு குறைவு. ஆரஞ்சு, சிவப்பு முள் உள்ள மீட்டரில் 6500 கெல்வின் என்று போட்டு விற்கும் நீலம் தட்டிய வெள்ளையைப் போட்டால் எண்கள் பளிச்சென்று தெரியும், முள் மட்டும் செத்துப்போகும். பார்க்க வேண்டியதே முள்தான். பல்பின் மேல் பச்சை, நீல ரப்பர் தொப்பி மாட்டியிருக்கும் மீட்டர்களில் எல்இடியை அதற்குள் சொருகினால் பழைய பச்சை வராது, ஒரு மாதிரி நீலம் பாய்ந்த பச்சை வரும். பல்பு போடுகிறவர்கள் அந்தத் தொப்பியைத் தூக்கி எறியாமல், பழையதிலிருந்து மெதுவாக உருவிப் புதியதில் மாட்டினால் போதும். கிழிந்தால் அதே நிறம் கிடைப்பது பாடு.

ஒளி பரவுவதிலும் பல்புதான். பல்பு எல்லாப் பக்கமும் ஒளி விடும், மீட்டருக்குள் ஒளியைக் கடத்தும் அக்ரிலிக் வழிகள் அதற்காகவே செதுக்கப்பட்டவை. எல்இடி முன்பக்கம் பார்த்தே அடிக்கும். 60க்கும் 80க்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, 140க்கு மேல் மங்கல் என்று திட்டுத்திட்டாக வரும். பக்கவாட்டிலும் சிப் வைத்த வகை கொஞ்சம் பரவாயில்லை, முழுதாகச் சரியாகாது.

எச்சரிக்கை விளக்குகளைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், இங்கே அழகைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது. பேட்டரிப் படம் போட்ட சார்ஜ் விளக்கு பல பழைய கார்களில் வெறும் விளக்கு கிடையாது. அதன் வழியாக ஓடும் கரன்ட்தான், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயில் என்ற கம்பிச் சுருளுக்குப் போய் அதை எழுப்பிவிடுகிறது. 3 வாட் பல்பு 250 மில்லிஆம்ப் விடும், எல்இடி 20 விட்டால் அதிகம். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும், ஒரு முறை ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கும். அங்கே எல்இடிதான் வேண்டும் என்றால் 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போட வேண்டும். இன்டிகேட்டருக்கு இடது வலது என்று இரண்டு அம்பு இல்லாமல் ஒரே பச்சை விளக்கு இருக்கும் மீட்டர்களில் கரன்ட் இடது பக்கம் போட்டால் ஒரு திசையிலும் வலது பக்கம் போட்டால் மறு திசையிலும் ஓடும். எல்இடி ஒரு திசையில்தான் எரியும், எனவே இரண்டு பக்கமும் எரியும் வகையாகத் தேட வேண்டும். சில கார்களில் ஏர்பேக் விளக்கின் சர்க்யூட்டையே கம்ப்யூட்டர் சரிபார்க்கும், அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இவ்வளவு சொன்னபின் சுவிட்சில் மட்டும் ஏன் எல்இடி? அங்கே நிலைமை வேறு. ஹசார்ட் சுவிட்ச், பின்கண்ணாடியின் மூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் சுவிட்ச் இவற்றுக்குள் இருப்பது அரிசி அளவுப் பல்பு, பல கார்களில் இரண்டு கம்பியோடு பற்றவைத்தது. அதே வோல்ட், அதே மில்லிஆம்ப்பில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கம்பி இரண்டும் முடி மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறை சுவிட்சைப் பிரிக்கும்போதும் அந்தப் பழைய பிளாஸ்டிக் கொக்கி உடையுமோ என்று பயம். இந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் எல்இடி ஒன்றும் ஒரு ரெசிஸ்டரும் போட்டு மூடிவிட்டேன். சுவிட்சில் படிக்க வேண்டியது ஒரே படம், எனவே ஒளி பரவுவது பிரச்சினையில்லை. டிம் ஆகாத குறையை ரெசிஸ்டரிலேயே சரிக்கட்டலாம். 560 ஓம் போட்டால் 20 மில்லிஆம்ப், கண்ணைக் குத்தும். 2.2 கிலோஓம் போட்டால் 5 மில்லிஆம்ப், இரவில் இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்கிற அளவு. நிறம் அம்பர். முதலில் இன்சுலேஷன் டியூப் போட்டு, கனெக்டரில் செருகி, எரிகிறதா என்று பார்த்தபிறகே சுவிட்சை மூடுங்கள். எரியாவிட்டால் கால்களை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஏசி பேனல் நடுவில் நிற்கிறது. என்னுடையதில் பல்பே வைத்தேன், மீட்டரோடு சேர்ந்து மங்க வேண்டும் என்பதற்காக.

பட்டனை அழுத்திப் படிப்படியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள கார்களில் என் வாதம் பலவீனமாகிவிடும். அவற்றில் பெரும்பாலும் பிடபிள்யூஎம் முறை, அதாவது வோல்டேஜைக் குறைக்காமல் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைப்பது. எல்இடிக்கு அது ஒத்துப்போகும். அப்படிப்பட்ட காரில் நான் அதிக நாள் இரவு ஓட்டியதில்லை, எனவே அடித்துச் சொல்லமாட்டேன். எந்தக் காராக இருந்தாலும் முழு செட்டையும் வாங்கும் முன் ஒரே ஒரு எல்இடியை மாட்டி, இருட்டியபிறகு சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள்.

பல்பு வாங்குவதில் கவனிக்க ஒன்று உண்டு. 3 வாட், 5 வாட் இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றேதான், எதுவும் எதிலும் உட்காரும். வெளிச்சம் கூடட்டும் என்று 3 வாட் இடத்தில் பார்க்கிங் லைட்டின் 5 வாட் பல்பைச் சொருகினால் ஹோல்டர் உருகும், எண்கள் அச்சிட்ட தகடு நிறம் மாறும். கழற்றிய பல்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதையே கேளுங்கள். பாதி நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், உள்ளே கருப்படித்த கண்ணாடி உள்ளது எப்படியும் அடுத்து போகப்போகிற பல்புதான்.